முப்பத்திரண்டு அடி ஆழம்

பொற்கொடிக்கு நீந்தத் தெரியாது. படகில் ஏறியதில்லை. மீனைச் சந்தையில் வாங்கிக் கழுவிய அளவுக்குத்தான் மீனோடு பழக்கம். ஆனாலும் 2007, 2008 ஆண்டுகளில் அமெரிக்காவின் வட மாநிலம் ஒன்றில் உள்ள பல ஏரிகளின் அடித்தரையை அவள்தான் வரைந்தாள். ஓசூர் பாகலூர் சாலையில் ஒரு பெயின்ட் கடைக்கு மேலே இருந்த சிறிய அலுவலகத்தில், பன்னிரண்டு பேரில் ஒருத்தியாக உட்கார்ந்து வரைந்தாள்.

அந்த மாநிலத்தில் மீன்பிடிக்கப் போகிறவர்கள் படகில் ஒரு சிறு திரையைப் பொருத்திக்கொள்வார்கள். படகு ஏரியின் எந்த இடத்தில் நிற்கிறது என்று செயற்கைக்கோளைக் கேட்டு அது சொல்லும். அதற்குள் செருகும் நகத்தளவு அட்டையில் ஏரியின் வரைபடம் இருக்கும். எங்கே எத்தனை அடி ஆழம் என்று காட்டும். மீன் எந்த ஆழத்தில் கிடக்கும் என்பது அவர்கள் கணக்கு. அந்த வரைபடத்துக்கு மூலம், பல பத்தாண்டுகளுக்கு முன் எடுத்த காகித அளவைகள். குளிர்காலத்தில் ஏரி உறைந்ததும் பனிக்கட்டியில் வரிசையாகத் துளையிட்டு, குண்டு கட்டிய கயிற்றை இறக்கி, ஆழத்தை அடிக்கணக்கில் எழுதியிருந்தார்கள். அந்தத் தாள்களை ஸ்கேன் செய்து ஓசூருக்கு அனுப்புவார்கள். கரையை வரைந்து, எண்களைத் தட்டச்சு செய்து, ஒரே ஆழமுள்ள இடங்களைக் கோடுகளால் இணைத்துத் திருப்பி அனுப்புவது இவர்கள் வேலை.

அவள் கணவன் மோகன்குமார் இருசக்கர வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் மிஷின் ஆப்பரேட்டர். இந்த வேலையைப் பற்றி முதலில் கேட்டபோது அவன் நம்பவில்லை.

"மீன் புடிக்கிறதுக்கு சேட்டிலைட்டா? ஏன், தூண்டில் போட்டா வராதாமா?"

"வரும். எங்க போடுறதுன்னு தெரியணும்ல."

"நம்ம ஊர் ஏரில எங்க போட்டாலும் கெளுத்திதான். அதுக்கு ஒரு மெஷின், அதுக்கு ஒரு மேப்பு, அத வரைய அரியலூர்லேர்ந்து ஒரு பொம்பளை."

இருவரும் அரியலூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரர்கள். அவள் ஐ.டி.ஐ.யில் சிவில் டிராஃப்ட்ஸ்மேன் படித்தவள். திருமணமாகி வந்து மத்திகிரியில் வாடகை வீடுகள் வரிசையாக நிற்கும் ஒரு சந்தில் குடியேறினார்கள். ஒரு வருடம் வீட்டில் சும்மா இருந்துவிட்டு இந்த வேலையில் சேர்ந்தாள். கை சுத்தமான கை என்று டீம் லீடர் பாஸ்கரன் முதல் மாதமே சொன்னார். அது உண்மை. கோடு இழுப்பதில் அவளுக்குப் பிசிறு இருக்காது. ஆனால் கோடு சுத்தமாக இருப்பதும் சரியாக இருப்பதும் ஒன்றே என்று அவள் நம்பத் தொடங்கியது எப்போது என்று அவளுக்கே தெரியவில்லை.

சந்தேகமான எண் வந்தால் திரையில் அந்த இடத்தில் ஒரு மஞ்சள் கொடியை நட வேண்டும் என்பது அங்கே விதி. அதற்கு க்வெரி என்று பெயர். க்வெரிகளெல்லாம் வாரம் ஒருமுறை அமெரிக்காவுக்குப் போகும். பதில் வரும்வரை அந்த ஏரி முடியாது. ஏரி முடியாமல் கிடந்தால் பாஸ்கரனுக்குத் தூக்கம் வராது. அதனால் கொடி நடுவது தவறில்லை என்று எல்லோரும் சொல்வார்கள், யாரும் நட மாட்டார்கள்.

சேர்ந்த புதிதில் பொற்கொடி ஒரு கொடி நட்டாள். முப்பத்தாறுகளுக்கும் முப்பத்தேழுகளுக்கும் நடுவே, தாளின் ஓரத்தில், வெறும் மூன்று என்று ஓர் எண் இருந்தது. இது முப்பத்தேழாக இருக்க வேண்டும், ஏழு ஓரத்தில் வெட்டுப்பட்டுப் போயிருக்கிறது என்று எழுதினாள். அவள் சொன்னது சரி என்று பதில் வந்தது. கூர்மையான கண் என்று இரண்டு வரி பாராட்டும் இருந்தது. பாஸ்கரன் அதை அச்செடுத்துத் தண்ணீர்க் குடுவைக்கு மேலே ஒட்டினார். அவளுக்கு வேலை தெரியும் என்று எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. அதற்குப் பிறகு அவள் கொடி நடுவதை நிறுத்திவிட்டாள். பாராட்டு அவளுக்குச் செய்தது அவ்வளவுதான்: சந்தேகப்படும் உரிமையை எடுத்துக்கொண்டது.

2008 ஜனவரியில் அவள் மேசைக்கு ஸ்பூன் லேக் வந்தது. கரண்டி போலத்தான் இருந்தது, நீண்ட காம்பும் உருண்ட வாயுமாக. உருண்ட பகுதியின் நடுவில் எண்கள் முப்பது, முப்பத்தொன்று என்று போய், பிறகு இரண்டு என்று ஒன்று இருந்தது. அடுத்தது முப்பத்துமூன்று.

பொற்கொடி ஒரு கணம்தான் நிறுத்தினாள். முப்பத்திரண்டு என்று தட்டினாள்.

அவள் மனதில் இருந்த ஏரி அவள் ஊர் ஏரி. கரிசல் களிமண் தரை. மேட்டுப் பக்கம் கணுக்கால் அளவில் தொடங்கி, கரையை நோக்கிச் சீராகச் சரிந்து, மதகுக்கு அருகில் ஆள் முழுகும் ஆழம். கோடையில் அதற்குள் வெள்ளரி போடுவார்கள். ஒரு நாயைத் துரத்த வேண்டுமென்றாலும் கல் கிடைக்காது. அப்படிப்பட்ட ஏரியில் முப்பதடி ஆழத்துக்கு நடுவே திடீரென்று இரண்டடி எப்படி வரும்? வராது. ஏரி என்றால் என்ன என்பது அவளுக்குத் தெரியும்.

பக்கத்து இருக்கையில் சத்யப்ரியா. ஓசூரிலேயே பிறந்த பெண், வீட்டில் தெலுங்கு, சேர்ந்து நான்கு மாதமே ஆகியிருந்தது. ஒருவர் வரைந்ததை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்பதால் ஸ்பூன் லேக் அவளிடம் போயிற்று.

"அக்கா, இது ரெண்டுன்னுதானே போட்டிருக்குது?"

"முப்பத்திரண்டு. மூணு விட்டுப்போச்சு."

"ரெண்டு மாதிரியே இருக்குதே."

"நட்டநடு ஏரியில ரெண்டு அடியா? அந்த ஊர்க்காரன் படக விட்டு எறங்கி நின்னுக்கிட்டா மீன் புடிப்பான்?"

சத்யப்ரியா சிரித்துவிட்டாள். பின்வரிசையிலிருந்து சுபாஷும் சிரித்தான். சரிபார்த்தாயிற்று என்ற பொத்தானை அவள் அழுத்தினாள். முப்பத்திரண்டு போட்டதும் கோடுகள் அந்த இடத்தில் வழுவழுவென்று ஓடின. பார்க்க அழகாக இருந்தது. பிப்ரவரியில் ஏரிகளெல்லாம் போய்ச் சேர்ந்தன. மே மாதம் அங்கே மீன்பிடிக் காலம் தொடங்கும், அதற்குள் அட்டைகள் கடைக்குப் போக வேண்டும் என்று அவசரப்படுத்தியிருந்தார்கள்.

மோகன்குமாரோடு வேலை செய்த எல்லப்பனுக்குக் கெலமங்கலத்தைத் தாண்டி ஒரு கிராமம். தை மாதம் அவன் தங்கை கல்யாணத்துக்குப் போனபோது ஊர் ஏரி ததும்பிக்கொண்டிருந்தது. கணவனும் மனைவியும் கரையில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். சித்திரையில் ஊர்ப் பண்டிகை என்று எல்லப்பன் மறுபடி கூப்பிட்டான். போனார்கள்.

மதகு பழுது பார்ப்பதற்காக ஏரித் தண்ணீரை வடித்துவிட்டிருந்தார்கள். பாதி ஏரிகூட இல்லை. அதன் நடுவில், தையில் வானம் மட்டும் தெரிந்த இடத்தில், ஒரு லாரி அளவுக்குப் பாறை நின்றது. அதன்மேல் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன.

"இந்தப் பாறை எப்ப வந்துச்சு?" என்று பொற்கொடி கேட்டாள்.

எல்லப்பனின் அம்மா சரோஜம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். "கேட்டியாடா எல்லப்பா? பாறை எப்ப வந்துதாம். காலைல பஸ்ஸுல வந்துதும்மா, உங்களுக்கு முன்னாடி!"

"அது அங்கயேதாங்க கெடக்குது," என்றான் எல்லப்பன். "கல்யாணத்துக்கு வந்தப்ப அது மேல ஒரு முழம் தண்ணி நின்னுது, அவ்ளோதான். இந்தப் பக்கம் எந்த ஏரியப் பாத்தாலும் இப்படித்தாங்கோ. மலைய சுத்தித்தானே ஏரி கட்டினாங்கோ."

மோகன்குமாரும் சிரித்தான். பொற்கொடியின் இலையில் வைத்த கறிச்சோறு அப்படியே இருந்தது. சரோஜம்மாள் காரம் அதிகமோ என்று இரண்டு முறை கேட்டாள்.

திரும்பி வரும் பேருந்தில் பொற்கொடி தனக்குள் ஒரு வழக்கு நடத்தினாள். அந்தத் தாளில் ஒரு மடிப்பு இருந்தது, அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. மடிப்பின் கோடு அந்த எண்ணின் மேலேயே ஓடியது. மடிப்பில் ஒரு மூன்று தேய்ந்து போயிருந்தது. அதன் வளைவுகூட இலேசாகத் தெரிந்தது. அதனால்தான் முப்பத்திரண்டு போட்டாள். யாராக இருந்தாலும் அதைத்தான் போட்டிருப்பார்கள். மத்திகிரியில் இறங்கும்போது அவளுக்கு ஓரளவு மூச்சு வந்திருந்தது.

திங்கட்கிழமை அலுவலகத்தில் பழைய கோப்புகளைத் தேடி அந்தத் தாளைத் திறந்தாள்.

மடிப்பு இருந்தது. ஆனால் அது அந்த எண்ணிலிருந்து வெகுதூரம் தள்ளி, ஏரியின் காம்புப் பகுதியில் ஓடியது. இரண்டு என்ற எண் தெளிவாக, கறுப்பு மையில், தனியாக நின்றது. அதற்கு இடப்பக்கம் வெறும் வெள்ளைத்தாள். அதன் அருகில் சின்னதாக ஒரு கூட்டல் குறிகூட இருந்தது. தாளில் வேறெங்கும் அந்தக் குறி இல்லை. அது நினைவிலேயே இல்லை அவளுக்கு. நினைவில் இருந்தது இல்லாத மடிப்பும் இல்லாத மூன்றும்தான். தேவைப்பட்டதை மனம் செய்து கொடுத்திருந்தது. செய்து கொடுத்ததை நினைவு என்று அவளும் வாங்கிக்கொண்டிருந்தாள்.

அவள் பாஸ்கரனின் மேசைக்குப் போனாள். பாஸ்கரன் சேலத்துக்காரர், நல்ல மனிதர், யாரையும் பெயர் சொல்லித் திட்டாதவர். திரையைப் பார்த்தார். நெற்றியைத் தடவினார்.

"டெலிவர் பண்ணி ரெண்டு மாசம் ஆச்சும்மா."

"மே மாசம் சீசன் தொறக்குது சார். இன்னும் நாள் இருக்கு. சொன்னா மாத்திருவாங்க."

"கம்ப்ளெய்ன்ட் ஏதாவது வந்துதா?"

"அங்க ஏரி இன்னும் உருகியே இருக்காதே சார். எப்படி வரும்?"

"படகுல ஆழம் பாக்கற மெஷின் ஒண்ணும் வச்சிருப்பாங்க. அது காட்டிரும்."

"அது படகுக்குக் கீழ இருக்கறதத்தான் சார் காட்டும். முன்னாடி இருக்கறத மேப்புதான் காட்டணும்."

பாஸ்கரன் கதவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அடுத்த செட் ஏரிக்கு அக்ரிமென்ட் இந்த மாசம் கையெழுத்தாகப்போகுது. இப்பப் போயி ஒரு தப்புன்னு வாயத் தொறந்தா, இதுவரைக்கும் குடுத்த அத்தனையையும் திரும்பப் பாருன்னு சொல்லுவான். சந்தேகம் வந்துட்டா வேலைய வேற ஆளுக்குக் குடுப்பான். பன்னெண்டு பேரு இருக்கறோம்மா. கையெழுத்து ஆகட்டும். மறுநாளே நானே சொல்றேன். நானே சொல்றேன், சரியா?"

"சரி சார்," என்றாள் பொற்கொடி.

அவள் சொன்ன இந்தச் 'சரி'யைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும். முப்பத்திரண்டு என்று தட்டியது தவறு, தெரியாமல் செய்தது. சரி என்று சொன்னது எல்லாம் தெரிந்து செய்தது. சொல்லும்போது பாரம் இறங்கியது போலிருந்தது என்பதும் அவளுக்குத் தெரியும்.

அந்த வாரமும் அடுத்த வாரமும் அவள் காத்திருந்தாள். கையெழுத்து ஆகவில்லை. அவளால் அந்த மனிதனை மனதிலிருந்து எடுக்க முடியவில்லை. படகில் வருகிற யாரோ ஒருவன். முகம் வரவில்லை; ஒரு ஸ்வெட்டர் மட்டும் போட்டுவிட்டிருந்தாள். அவன் தண்ணீரைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டு வருவான். திரை முப்பத்திரண்டு என்று சொல்லும். அவன் வேகத்தைக் கூட்டுவான். அதற்குமேல் போகும்போது அவள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவாள். குடுவைக்கு மேலே அவளைப் பாராட்டிய காகிதம் இருக்கும்.

மோகன்குமாரிடம் சொன்னாள். அவன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான்.

"எங்க லைன்ல தப்பு பீஸ் போச்சுன்னா அடுத்த மிஷின்காரன் புடிச்சுத் தூக்கிப் போடுவான். உங்களுக்கு அப்படி ஒருத்தரும் இல்லியா?"

"சத்யப்ரியா புடிச்சா. நாந்தான் கிண்டல் பண்ணி விட்டேன்."

"சரி விடு. அந்தாளுக்குக் கண்ணு இல்லியா? பாத்து ஓட்ட மாட்டானா?"

"தண்ணிக்குள்ள இருக்கறத எப்படிங்க பாப்பான்? பாக்க முடியாதுன்னுதான அந்த மெஷின வாங்கியிருக்கான்."

மோகன்குமார் வெங்காயத்தைத் தள்ளிவிட்டு மிளகாயை எடுத்தான்.

ஏப்ரல் முடியப் போகும் ஒரு திங்கட்கிழமை மாலை, வாராந்தரத் தொலைபேசி அழைப்பு. அங்கே காலை. அமெரிக்காவிலிருந்து பேசுபவர் கென் என்பவர். குரல்தான் தெரியும், ஆளை யாரும் பார்த்ததில்லை. வேறொரு ஏரியின் கரையைப் பற்றிக் கேள்வி இருந்ததால் பொற்கொடியையும் சுபாஷையும் பாஸ்கரன் அறைக்குள் கூப்பிட்டிருந்தார். மேசை நடுவில் ஸ்பீக்கர் போன். கரைக் கேள்வி முடிந்தது. வேறு ஏதாவது உண்டா என்று கென் வழக்கம்போலக் கேட்டார். இல்லை என்று பாஸ்கரன் சொல்ல வாயெடுத்தார்.

ஸ்பூன் லேக் என்றாள் பொற்கொடி. அவள் ஆங்கிலம் மெதுவானது, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பாள். நடுவில் ஓர் எண் இரண்டு என்று இருக்கிறது, முப்பத்திரண்டு என்று போட்டுவிட்டோம் என்றாள்.

பாஸ்கரன் சட்டென்று குறுக்கிட்டார். ஸ்கேன் தெளிவில்லை கென், அந்த இடத்தில் ஒரு மடிப்பு என்றார். இரண்டு வாரத்துக்கு முன் அவளே தனக்குச் சொல்லிக்கொண்ட அதே மடிப்பு. அவர் அவளைக் காப்பாற்றத்தான் பார்த்தார். தலையாட்டினால் போதும்.

"நோ சார். ஸ்கேன் இஸ் கிளியர்," என்றாள். எண் தெளிவாக இருக்கிறது. நான்தான் மாற்றினேன்.

சுபாஷ் தரையைப் பார்த்தான். மறுமுனையில் கென் ஏதோ திறந்து பார்க்கும் சத்தம் கேட்டது. ஆமாம், இரண்டுதான் என்றார். பக்கத்தில் இருக்கும் கூட்டல் குறி பாறைக்கு. சொன்னதற்கு நன்றி.

"மாற்றிவிடுவீர்களா?"

அட்டைகள் மார்ச்சிலேயே கடைகளுக்குப் போய்விட்டன என்றார் கென். இனி அடுத்த வருடப் பதிப்பில்தான் திருத்த முடியும். இணையதளத்தில் திருத்தங்களுக்கு ஒரு பக்கம் இருக்கிறது, அதில் போடுகிறேன்.

வாங்கியவர்கள் அதைப் படிப்பார்களா என்று பொற்கொடி கேட்டாள்.

அவளைத் தேற்றுவதற்காகத்தான் கென் அடுத்ததைச் சொன்னார்: கவலைப்படாதீர்கள் மேடம், அந்த ஏரிக்காரர்கள் எல்லோருக்கும் அந்தப் பாறையைத் தெரிந்திருக்கும். உள்ளூர்க்காரர்கள் எங்கள் வரைபடத்தை வாங்குவதே இல்லை.

அது அவளுக்குள் வேறு விதமாக இறங்கியது. அப்படியானால் வாங்குகிறவன் வெளியூர்க்காரன் மட்டும்தான். பாறையைத் தெரியாதவன் மட்டும்தான் அவளை நம்பி வருவான்.

அவள் செய்ததை நேர்மை என்று அலுவலகத்தில் ஒருவரும் சொல்லவில்லை. சொல்லாதது சரிதான் என்று எனக்கும் தோன்றுகிறது. பாறையைக் கண்ட மறுநாளே பேசியிருந்தாலும் அட்டைகள் கடைக்குப் போயிருக்கும். ஆனால் அது அவளுக்கு அப்போது தெரியாது. நேரம் இருக்கிறது என்று நம்பிக்கொண்டேதான் அந்த நாட்களை அவள் கடத்தினாள்.

பாஸ்கரன் பயந்தது நடந்தது. அனுப்பியவை எல்லாவற்றையும் மறுபடி பார்க்கச் சொன்னார்கள். மே மாதம் முழுவதும் பன்னிரண்டு பேரும் பழைய தாள்களைத் தோண்டினார்கள். மின்வெட்டு வேறு, யூ.பி.எஸ். கத்தும்போதெல்லாம் சேமித்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருப்பார்கள்.

"அக்கா ஒரு பாறையத் தூக்குனாங்க," என்றான் சுபாஷ் ஒருநாள் அந்த இருட்டில். "கென் தலையில போடுவாங்கன்னு பாத்தா, எங்க தலையில போட்டுட்டாங்க." எல்லோரும் சிரித்தார்கள். பகை இல்லாத சிரிப்புதான். பொற்கொடியும் சிரிக்கப் பார்த்தாள்.

தேடியதில் இன்னும் சில தவறுகள் கிடைத்தன. எதிலும் பாறை இல்லை. அடுத்த ஒப்பந்தம் வந்தது, பாதியாக வந்தது. கடைசியாகச் சேர்ந்த இருவரை நிறுத்தினார்கள். அதில் ஒருத்தி சத்யப்ரியா.

பொற்கொடி அவளோடு பேருந்து நிறுத்தம்வரை நடந்தாள். பேசுவதற்காகத்தான் வந்தாள். ஆனால் சத்யப்ரியாவே முதலில் பேசினாள்.

"ரோஜா எக்ஸ்போர்ட் பண்றாங்கல்ல அக்கா, பாகலூர் தாண்டி, அங்க பேக்கிங்ல ஆள் எடுக்கறாங்கோ. எங்க சித்தி இருக்காங்க. கெடச்சுரும்."

"நீ கேட்டே, சத்யா. ரெண்டான்னு நீ கேட்டே."

"கேட்டேன், நீங்க சிரிக்க வச்சுட்டீங்கோ." அவள் தோள்பையைச் சரிசெய்துகொண்டாள். "இன்னொரு தடவ தெலுங்குல கேட்டிருக்கணும், உங்களுக்குக் கிண்டல் பண்ண வந்திருக்காது. சிரிச்சுட்டு ஓகே குடுத்தது நான்தானே அக்கா. உங்க மேல கோவமெல்லாம் இல்ல."

கோபம் இருந்திருந்தால் பொற்கொடிக்கு வசதியாக இருந்திருக்கும். பேருந்து வந்தது. கூட்டத்தில் சத்யப்ரியா முண்டி ஏறிக் கையாட்டினாள்.

மே போயிற்று, ஜூன் போயிற்று. பொற்கொடி அவ்வப்போது அந்தத் திருத்தங்கள் பக்கத்தைத் திறந்து பார்ப்பாள். ஸ்பூன் லேக் பற்றி ஒரு வரி இருந்தது, வேறு பல வரிகளுக்குக் கீழே, சின்ன எழுத்தில். அவள் ஒருத்திதான் அதைப் படிக்கிறாளோ என்று தோன்றும். வேலையில் கொடி நடத் தொடங்கினாள். சந்தேகம் வந்ததற்கெல்லாம் நட்டாள், பிறகு சந்தேகம் வராததற்கும் நட்டாள். ஒரு ஏரிக்கு முன்பு ஆனதைப்போல இரண்டு மடங்கு நேரம் ஆனது. இதை மனசாட்சி என்று பாஸ்கரன் ஒருநாள் கேலியாகச் சொன்னார். அது அச்சம்தான். அவளுக்கும் அது தெரியும்.

எது நடந்தாலும் செய்தி வரும் என்று நிச்சயமில்லை என்பதுதான் கொடுமை. யாரோ அங்கே முட்டிக்கொள்ளலாம்; அவளுக்குத் தெரியாமலே போகலாம். ஒன்றும் நடக்காமலும் இருக்கலாம். அதுவும் தெரியாமலே போகலாம். தவறு செய்தவளுக்கு முடிவைத் தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறதா என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. தெரிய வேண்டும் என்று மட்டும் தவித்தாள். நல்லதோ கெட்டதோ, தெரிந்தால் போதும்.

ஆகஸ்டில் ஒரு பிற்பகல். மின்சாரம் அப்போதுதான் வந்திருந்தது. பாஸ்கரன் தன் திரையைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார்.

"கென் ஒரு கஸ்டமர் மெயில் அனுப்பியிருக்கறார். ஸ்பூன் லேக்."

பாஸ்கரன் சத்தமாகப் படித்து, படிக்கப் படிக்கத் தமிழில் சொன்னார். எழுதியிருந்தவர் ஓய்வு பெற்ற ஒருவர், வேறு மாநிலத்துக்காரர். விடுமுறைக்கு மனைவியோடு வந்திருக்கிறார். உங்கள் அட்டையை நம்பி ஏரியின் நடுவே நல்ல வேகத்தில் போனேன், படகு பாறையில் முட்டியது.

பொற்கொடி நாற்காலியில் பின்னால் சாய்ந்தாள். மூச்சு முழுதாக வெளியே போனது.

பாஸ்கரன் மெயிலில் இன்னும் கீழே போனார். படகின் மோட்டார் உடைந்துவிட்டது. மனைவி படகுக்குள் விழுந்ததில் மணிக்கட்டு எலும்பில் விரிசல். துடுப்புப் போட்டே கரை சேர்ந்தார்கள். கட்டுப் போட்டிருக்கிறார்கள், சரியாகிவிடும் என்று மருத்துவர் சொன்னாராம். இதை வரைந்தவர் எந்த ஏரியையாவது நேரில் பார்த்திருக்கிறாரா என்று கடைசியில் கேட்டிருந்தார்.

"நல்லவேளை," என்றான் சுபாஷ். "ஆளுக்கு ஒண்ணும் இல்ல."

"நல்லவேளை," என்று இன்னும் இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். யாரோ பொற்கொடியின் தோளைத் தட்டினார்கள். விட்டதுடா சனி என்பதுபோல எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அவள் பாஸ்கரனிடம் போனாள். அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதலாமா சார் என்று கேட்டாள். வரைந்தது நான்தான், மன்னிக்க வேண்டும் என்று இரண்டு வரி.

பாஸ்கரன் மறுப்பாகத் தலையசைத்தார். "கூடாதுன்னு கென் தனியா எழுதியிருக்கறாரு. அவங்க வக்கீலுங்க யாரும் ஸாரி கேக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்களாம். திரையில முதல்லயே எச்சரிக்கை போட்டுத்தானே விக்கறாங்க, மேப்பை மட்டும் நம்பிப் படகு ஓட்டாதீங்கன்னு. ஸாரின்னு சொன்னா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்."

"ஒத்துக்கத்தான சார் கேக்குறேன்."

"உனக்குச் சரிம்மா. அவங்களுக்கு?"

மோகன்குமாருக்கு அன்று காலை ஷிப்ட். அவள் வரும்போது வீட்டில் இருந்தான். உலை வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். அவள் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டாள். மோட்டார், மணிக்கட்டு, துடுப்பு, எல்லாம்.

"அந்தம்மா கை சரியாயிடும்ல?"

"ஆயிடும்னுதான் எழுதியிருக்காரு."

"அப்ப விடு. இத்தன மாசமா செத்துட்டானா பொழச்சுட்டானான்னு நீ படுத்துன பாடு முடிஞ்சுதுல்ல. இன்னும் ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்கே?"

அவள் படியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். சந்தில் பக்கத்து வீட்டுக்காரி குடத்தை இழுத்துக்கொண்டு போனாள். அவள் சந்து முனையைத் தாண்டிய பிறகுதான் பொற்கொடி வாயைத் திறந்தாள்.

"பாஸ்கரன் சார் படிச்சாருங்க. பாறையில முட்டுச்சுன்னு படிச்சதும் அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு."

"இருக்காதா பின்ன? உயிருக்கு ஒண்ணும் இல்லன்னதும் யாருக்கும் அப்படித்தான் இருக்கும்."

"இல்லங்க," என்றாள் பொற்கொடி. "உயிருக்கு ஒண்ணும் இல்லங்கறத அதுக்கப்புறம்தான் படிச்சாரு."